கதவில் ஒரு தகரச் சீட்டு

2023 செப்டம்பர் 5-ஆம் தேதி பல நாட்டுப் பத்திரிகைகளில் கிட்டத்தட்ட ஒரே தலைப்புதான்: நியூயார்க்கில் ஏர்பிஎன்பிக்குத் தடை. அந்தத் தலைப்பில் எனக்கு ஒரு சின்ன மனக்குறை உண்டு. "தடை" என்கிற வார்த்தை அங்கே பொருந்தவில்லை. நியூயார்க்கில் அடுக்குமாடிக் கட்டடத்தில் இருக்கும் ஒரு முழு வீட்டை, குடியிருப்பவர் இல்லாதபோது முப்பது நாளுக்குக் குறைவாக வாடகைக்கு விடுவது 2011 மே மாதத்திலிருந்தே சட்டவிரோதம். அந்தச் சட்டத்தின் வேரோ 1929-ல் இருக்கிறது. அப்படியென்றால் 2023 செப்டம்பரில் என்னதான் மாறியது?

மாறியது ரொம்பச் சின்ன விஷயம். முன்பதிவுக்குப் பணம் வாங்கும் முன்னால், வாடகைத் தளத்தின் கணினி மாநகராட்சியின் கணினியிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: "இந்த முகவரிக்கு இந்தப் பதிவு எண் சரிதானா?" ஆமாம் என்று பதில் வந்தால் பணம் வாங்கலாம். இல்லையென்றால் கூடாது. அவ்வளவுதான். நம்மில் பலர் தினமும் எழுதுகிற ஒரு சரிபார்ப்பு அழைப்பு.

இந்த ஒரு வரிக் கேள்வியைக் கேட்க வைப்பதற்கு ஒரு பெரிய மாநகராட்சிக்குப் பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் ஏன் ஆனது? அதைத் தேடிக்கொண்டு பின்னால் போனால் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்தில், 1862-ல் போய் நின்றேன்.

தகரச் சீட்டு

கிளாஸ்கோ அப்போது தொழிற்சாலை ஊர். அயர்லாந்திலிருந்தும் ஸ்காட்லாந்தின் மலைப்பகுதிகளிலிருந்தும் வேலை தேடி வந்து குவிந்தார்கள். வந்தவர்களுக்குத் தங்க இடம் வேண்டும். ஏற்கெனவே ஒற்றை அறையில் குடியிருக்கும் குடும்பத்துக்கோ வாடகை கட்டக் காசு வேண்டும். ரெண்டும் சேர்ந்தால் என்ன நடக்கும்? அந்த ஒற்றை அறையிலேயே ஓர் ஓரத்தை இன்னொருவருக்கு ராத்திரி தூங்கக் கொடுப்பார்கள். டைஃபஸ் காய்ச்சல் பரவ அதைவிட வசதியான ஏற்பாடு கிடையாது.

1862-ல் வந்த கிளாஸ்கோ போலீஸ் சட்டம் ஒரு வழி சொன்னது. மூன்று அறைக்கு மேற்படாத, மொத்தக் கொள்ளளவு 2000 கன அடிக்கு மேல் போகாத வீடுகளை அதிகாரிகள் அளந்தார்கள். பெரியவர் ஒருவருக்கு 300 கன அடி, எட்டு வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு அதில் பாதி என்று கணக்கு. பத்துக்குப் பத்து அறை, ஒன்பது அடி உயரம் என்றால் 900 கன அடி, மூன்று பெரியவர்கள். அந்த எண்ணிக்கையை ஒரு தகரச் சீட்டில் பொறித்து வாசல் கதவில் அடித்துவிட்டார்கள். சீட்டு வீடுகள் என்றே அவற்றுக்குப் பெயர் வந்தது. 1880-களில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளில் அந்தச் சீட்டு இருந்தது.

சீட்டு அடித்தால் போதுமா? உள்ளே நிஜமாகவே எத்தனை பேர் என்று யார் பார்ப்பது? அதற்காகத்தான் ராத்திரி ஆய்வாளர்கள். நடுராத்திரியிலிருந்து விடியற்காலை வரை கதவைத் தட்டுவார்கள், விளக்கைப் பிடித்துத் தலைகளை எண்ணுவார்கள். உள்ளே இருப்பவர்கள் அலமாரிக்குள்ளும் கட்டிலுக்கு அடியிலும், சில சமயம் கூரை மேலும்கூட ஒளிந்துகொள்வார்கள். அதிகப்படியான ஆள் இருந்தால் வழக்கு, அபராதம்.

உள்ளாட்சிக்குத் தெரிய வேண்டியவை மூன்று. எந்த வீடு, எத்தனை பேருக்கு அனுமதி, இப்போது உள்ளே எத்தனை பேர். முதல் இரண்டையும் தகரச் சீட்டு சொல்லிவிடுகிறது. மூன்றாவதைத் தெரிந்துகொள்ள ஒரு மனிதன் நேரில் போய் அடுத்தவர் படுக்கையறையில் விளக்கடிக்க வேண்டியிருந்தது. இந்த மூன்றில்தான் பிறகு வந்த எல்லாச் சட்டங்களும் சுற்றிச் சுற்றி மாட்டிக்கொண்டன.

யாருடைய வீட்டுக்குச் சட்டம்?

லண்டன் இதற்குப் பதினோரு வருஷம் முன்பே, 1851-ல், பொதுத் தங்கும் விடுதிகள் சட்டம் என்று ஒன்றைக் கொண்டுவந்திருந்தது. ஷாஃப்ட்ஸ்பரி பிரபுவின் முயற்சி அது. விடுதி நடத்துபவர் பதிவு செய்துகொள்ள வேண்டும், அதிகாரி வந்தால் உள்ளே விட வேண்டும், தொற்றுநோய் வந்தால் தெரிவிக்க வேண்டும், வருஷத்துக்கு இரண்டு முறை சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்க வேண்டும். லண்டனில் இந்தப் பொறுப்பு போலீஸ் கமிஷனரிடம் இருந்தது. 1894-ல்தான் லண்டன் கவுன்ட்டி கவுன்சிலுக்குக் கைமாறியது.

இந்தச் சட்டத்தில் ஒரு வேடிக்கை. பொதுத் தங்கும் விடுதி என்றால் என்ன என்று சட்டத்தில் சரியான விளக்கமே இல்லை. பிறகு அரசின் சட்ட அதிகாரிகள் ஒரு விளக்கம் கொடுத்தார்கள். ஒருவருக்கொருவர் அறிமுகம் இல்லாத ஏழைகள் குறுகிய காலத்துக்கு ஒரே அறையில் தங்கும் இடம்தான் இதில் வரும். ஓட்டல், சத்திரம், நடுத்தர மேல்தட்டு மக்களுக்கு விடும் அறைகள் எல்லாம் இதில் வராது. அதாவது, செய்யும் காரியம் ஒன்றேதான்: காசு வாங்கிக்கொண்டு முன்பின் தெரியாதவரை வீட்டில் தங்க வைப்பது. வருபவர் யார் என்பதை வைத்துச் சட்டம் கண்ணைத் திறந்தது அல்லது மூடிக்கொண்டது.

இந்தச் சிந்தனை கப்பலேறி இந்தியாவுக்கும் வந்தது. பூரி ஜகந்நாதர் கோயிலுக்கு வரும் யாத்ரீகர்கள் பண்டாக்களின் வீடுகளிலும் சத்திரங்களிலும் நெருக்கியடித்துத் தங்குவார்கள். ரதயாத்திரைக் கூட்டத்தோடு காலராவும் வரும், திரும்பிப் போகிறவர்களோடு ஊர் ஊராகப் போகும். 1871-ல் வங்காள அரசு பூரி தங்கும் விடுதிச் சட்டத்தைப் போட்டது. யாத்ரீகர்களைத் தங்க வைக்கும் வீட்டுக்கு லைசென்ஸ் வேண்டும். சுகாதார அதிகாரி பார்த்து எத்தனை பேர் தங்கலாம் என்று சான்று தர வேண்டும். கிளாஸ்கோவின் தகரச் சீட்டு இங்கே லைசென்ஸ் தாளாக மாறிவிட்டது, விஷயம் அதேதான். ஒரு வீட்டுக்கு ஓர் எண்.

இரண்டு பேர் என்கிற கணக்கு

இப்போது நியூயார்க். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் மன்ஹாட்டனின் கீழ்க் கிழக்குப் பகுதியில் புலம்பெயர்ந்தோர் குடியிருப்புகள் கிளாஸ்கோவுக்குச் சளைத்தவை அல்ல. ஜேக்கப் ரீஸ் 1890-ல் புகைப்படங்களோடு எழுதிய புத்தகம் அந்த இருட்டு அறைகளை ஊருக்குக் காட்டியது. 1901-ல் குடியிருப்புக் கட்டடச் சட்டம், 1929-ல் அதை விரிவாக்கிப் பல்குடியிருப்புச் சட்டம். இந்த 1929 சட்டம்தான் கட்டடங்களை இரண்டு வகையாகப் பிரித்தது. ஏ வகை நிரந்தரமாகக் குடியிருப்பவர்களுக்கு. பி வகை வந்து போகிறவர்களுக்கு, அதாவது ஓட்டல், விடுதி மாதிரி. இரண்டுக்கும் தீப்பாதுகாப்பு விதிகள் வேறு வேறு. வந்து போகிறவருக்குப் படிக்கட்டு எங்கே இருக்கிறது என்று தெரியாது என்பதுதான் இதில் உள்ள எளிமையான நியாயம்.

குடும்பம் நடத்துகிறவர் வீட்டுக்குள்ளேயே ஒன்றிரண்டு பேரைச் சேர்த்துக்கொள்வதை நகரம் தடுக்கவில்லை. வீட்டு விதிகளில் ஒரு குடும்பம் இரண்டு பேர் வரை தன்னோடு தங்க வைத்துக்கொள்ளலாம் என்று இருந்தது. இந்த "இரண்டு பேர்" கணக்கை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். 2023-ல் திரும்ப வரும்.

1929 சட்டத்தில் ஓர் ஓட்டை இருந்தது. "நிரந்தரக் குடியிருப்பு" என்றால் கட்டடம் முழுக்கவா, பெரும்பகுதியா? ஒற்றை அறைக் குடியிருப்புக் கட்டடங்கள் சிலவற்றின் உரிமையாளர்கள் பழைய குடித்தனக்காரர்கள் காலி செய்த அறைகளை ஒவ்வொன்றாகச் சுற்றுலாப் பயணிகளுக்கு விட ஆரம்பித்தார்கள். மாநகராட்சி வழக்குப் போட்டது. 2009-ல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் தோற்றது. கட்டடத்தின் பெரும்பகுதி நிரந்தரக் குடியிருப்பாக இருந்தால் போதும் என்பது போலச் சட்டத்தின் வாசகம் இருக்கிறதே என்றது நீதிமன்றம்.

அந்த ஓட்டையை அடைக்கத்தான் 2010-ல் மாநிலச் சட்டமன்றம் திருத்தம் கொண்டுவந்தது. செனட்டர் லிஸ் குரூகர், சட்டமன்ற உறுப்பினர் ரிச்சர்ட் காட்ஃப்ரீட் இருவரும் முன்மொழிந்தார்கள், ஆளுநர் டேவிட் பேட்டர்சன் கையெழுத்திட்டார். ஏ வகை வீட்டில் ஒரே ஆள் தொடர்ச்சியாக 30 நாளாவது இருக்க வேண்டும். குடியிருப்பவரும் கூடவே இருந்தால் விருந்தினருக்கு விலக்கு. 2011 மே 1 முதல் நடைமுறை. தீப்பாதுகாப்பையும் வாடகைக் குடித்தனக்காரர்களையும் மனதில் வைத்து, கட்டட உரிமையாளர்களைக் குறிவைத்து எழுதப்பட்ட சட்டம் இது.

காற்று மெத்தை

இதற்கிடையில் 2007 அக்டோபரில் சான் பிரான்சிஸ்கோவில் பிரையன் செஸ்கி, ஜோ கெபியா என்கிற இரண்டு இளைஞர்கள் வீட்டு வாடகை கட்டச் சிரமப்பட்டார்கள். ஊரில் ஒரு வடிவமைப்பு மாநாடு, ஓட்டல்கள் நிரம்பிவிட்டன. வரவேற்பறையில் காற்றடித்த மெத்தைகளைப் போட்டு மூன்று பேரைக் காசுக்குத் தங்க வைத்தார்கள். கிளாஸ்கோ குடும்பம் செய்ததும் இதேதான்: வாடகைக்குக் காசு போதவில்லை, தரையில் இடம் இருக்கிறது. 2008-ல் இது வலைத்தளமானது, நேதன் பிளெச்சார்சிக் என்கிற நிரலாளரும் சேர்ந்துகொண்டார். 2009-ல் அவர்கள் வளர்ச்சிக்காகக் குறிவைத்துப் போன ஊர் நியூயார்க். வீடு வீடாகப் போய்ப் படம் எடுத்தார்கள் என்பது அந்த நிறுவனத்தின் புகழ்பெற்ற கதை.

கிளாஸ்கோ ஆய்வாளருக்குத் தெருவில் இறங்கினால் சீட்டு வீடு கண்ணில் படும். இணையத்தில் அப்படி இல்லை. விளம்பரத்தில் படம் இருக்கும், முதல் பெயர் இருக்கும், வரைபடத்தில் தோராயமாக ஒரு வட்டம் இருக்கும். சரியான முகவரி பணம் கட்டியவருக்குத்தான் தெரியும். அது திருட்டுப் பயத்துக்காகச் செய்த நியாயமான ஏற்பாடு. ஆனால் அதே ஏற்பாடு மாநகராட்சியையும் இருட்டில் வைத்தது. மூன்று கேள்விகளில் முதல் கேள்வியே, "எந்த வீடு?", பதில் இல்லாமல் போனது. அக்கம்பக்கத்தவர் புகார் கொடுத்தால் மட்டும் ஆய்வாளர்கள் போய்க் கதவைத் தட்டினார்கள்.

பதில் ஒரு இடத்தில் இருந்தது: தளத்தின் தரவுத்தளத்தில். 2013-ல் நியூயார்க் மாநில அட்டர்னி ஜெனரல் எரிக் ஷ்னைடர்மன் வீடு விடுபவர்களின் விவரம் கேட்டு சம்மன் அனுப்பினார். ரொம்ப விரிவாகக் கேட்கிறீர்கள் என்று 2014 மே மாதம் நீதிபதி அதை ரத்து செய்தார். சுருக்கி மறுபடி கேட்டதும் பெயர் முகவரி நீக்கிய தரவு கிடைத்தது. 2014 அக்டோபரில் அவர் வெளியிட்ட அறிக்கைதான் இந்த விவகாரத்தில் முதல் உருப்படியான கணக்கு. 2010 ஜனவரியிலிருந்து 2014 ஜூன் வரை அந்தத் தளத்தில் முன்பதிவான தனி வீடுகள், அறைகளில் 72 சதவீதம் சட்டத்தை மீறியதாகத் தெரிந்தது. வீடு விட்டவர்களில் 6 சதவீதம் பேர்தான் மூன்றும் அதற்கு மேலும் இடங்களை வைத்திருந்தவர்கள். ஆனால் வருமானத்தில் 37 சதவீதம் அவர்களுக்கு. ஒரே நடத்துநர் கையில் 272 இடங்கள்.

காற்று மெத்தை போட்ட இளைஞர்களும் உண்டு, 272 வீடுகள் வைத்திருந்தவரும் உண்டு. ஒரே மாதிரிப் பக்கத்தில், ஒரே மாதிரிப் புன்னகைப் படத்தோடு. வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது.

தரவு யார் கையில் இருக்கிறதோ அவர் சொல்வதுதான் கதை என்பதற்கு அடுத்த வருஷமே ஓர் உதாரணம் கிடைத்தது. 2015 டிசம்பரில் நிறுவனம் தானாகவே நியூயார்க் தரவைக் காட்டியது, பெரும்பாலானவர்கள் ஒரே ஒரு வீட்டைத்தான் விடுகிறார்கள் என்றது. தளத்தின் பக்கங்களை வெளியிலிருந்து தொடர்ந்து சேகரித்துவந்த மர்ரே காக்ஸும் டாம் ஸ்லீயும் 2016 பிப்ரவரியில் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். தரவைக் காட்டுவதற்குச் சற்று முன்பு ஆயிரத்துக்கும் மேற்பட்ட விளம்பரங்கள் நீக்கப்பட்டிருந்தன. காக்ஸ் வைத்திருந்த கருவி பெரிதாக ஒன்றும் இல்லை. வலைப்பக்கங்களைப் படித்துச் சேமிக்கும் நிரல்தான். அந்த நிரல் அங்கே ராத்திரி ஆய்வாளரின் விளக்காக வேலை செய்தது.

விருந்தினர் பதிவேடு யாருடையது?

சரி, சட்டம் போட்டுத் தரவை வாங்கிவிட வேண்டியதுதானே? அங்கேதான் பட்டேல் வழக்கு வருகிறது.

அமெரிக்காவின் மோட்டல் தொழிலில் குஜராத்திக் குடும்பங்கள் பெரிய அளவில் இருப்பது பலருக்குத் தெரிந்திருக்கும். லாஸ் ஏஞ்சல்ஸ் நகர விதிப்படி விடுதி நடத்துபவர் தங்கியவர்களின் பதிவேட்டை 90 நாள் வைத்திருக்க வேண்டும்; போலீஸ் எப்போது கேட்டாலும் காட்ட வேண்டும். காட்ட மறுத்தால் ஆறு மாதம் வரை சிறை. பட்டேல் குடும்பப் பெயர் கொண்ட மோட்டல் உரிமையாளர்கள் சிலரும் மற்றவர்களும் வழக்குப் போட்டார்கள். 2015 ஜூனில் உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்று அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. பதிவேடு வைக்கச் சொல்வது தவறில்லை. ஆனால் கேட்டவுடன் கொடுத்தே ஆக வேண்டும், மறுத்தால் ஜெயில் என்பது கூடாது. நடுநிலையான ஒருவரிடம் முறையிட ஒரு வாய்ப்பாவது இருக்க வேண்டும் என்றது.

நியூயார்க் மாநகராட்சி 2018-ல் ஒரு சட்டம் இயற்றியது. தளங்கள் மாதாமாதம் எல்லா வீடுகளின் முகவரி, வீடு விடுபவரின் பெயர், வருமானம் எல்லாவற்றையும் ஒப்படைக்க வேண்டும். 2019 ஜனவரியில் கூட்டாட்சி நீதிபதி பால் எங்கல்மயர் அதை நிறுத்தி வைத்தார். குற்றச் சந்தேகம் இருக்கிறதோ இல்லையோ, மொத்தத் தரவையும் மாதாமாதம் கொட்டு என்று கேட்பது நான்காவது சட்டத்திருத்தத்துக்கு ஒத்துவராது என்பது அவர் கருத்து. மோட்டல்காரர்களின் வழக்கு அங்கே முக்கியமான முன்னுதாரணம்.

என்னைக் கேட்டால் அந்த நீதிபதி சொன்னதில் நியாயம் இருக்கிறது. சட்டத்தை மீறுகிறவர்களைப் பிடிக்க எல்லோருடைய பட்டியலையும் அரசிடம் நிரந்தரமாகக் கொடுத்து வைப்பது, நடுராத்திரி எல்லா வீட்டிலும் விளக்கடிப்பதற்குச் சமம். அந்தப் பட்டியல் நாளைக்கு வேறு எதற்குப் பயன்படும் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் பட்டியல் இல்லாவிட்டால் சட்டம் வெறும் காகிதம். இந்த முட்டுச்சந்தில்தான் நியூயார்க் நின்றது.

உள்ளடக்கமா, பரிவர்த்தனையா?

முட்டுச்சந்திலிருந்து வெளியே வர வழி கண்டுபிடித்தது எதிர்க்கரையில் இருந்த சான் பிரான்சிஸ்கோ. இதெல்லாம் ஆரம்பித்த அதே ஊர்.

அங்கே 2014-ல் குறுகிய கால வாடகையைச் சட்டபூர்வமாக்கி, வீடு விடுபவர்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்றார்கள். 2015 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. பதிவு செய்தவர்கள் கொஞ்சம் பேர்தான். பதிவு செய்யாவிட்டாலும் விளம்பரம் போடலாம், பணம் வரும். பிறகு எதற்கு வரிசையில் நிற்க வேண்டும்? அந்த வருஷ நவம்பரில் வருஷத்துக்கு 75 நாள்தான் என்று கட்டுப்படுத்தும் எஃப் தீர்மானம் பொது வாக்கெடுப்புக்கு வந்தது. நிறுவனம் எதிர்ப் பிரச்சாரத்துக்கு 80 லட்சம் டாலருக்கு மேல் செலவழித்தது. தீர்மானம் தோற்றது.

2016-ல் நகர நிர்வாகத்தினர் வேறு கோணத்தில் யோசித்தார்கள். அமெரிக்காவில் 1996-ல் வந்த ஒரு சட்டத்தின் 230-ஆவது பிரிவு, பயனர் எழுதும் உள்ளடக்கத்துக்குத் தளம் பொறுப்பல்ல என்கிறது. பதிவில்லாத வீட்டின் விளம்பரத்தை நீக்கு என்று நகரம் சொன்னால், 230 இருக்கிறதே என்று தளம் சொல்லும். அதனால் சான் பிரான்சிஸ்கோ கடைசியில் விளம்பரத்தை விட்டுவிட்டது. பதிவு எண் இல்லாத வீட்டுக்கு முன்பதிவுக் கட்டணம் வாங்கக் கூடாது, வாங்கினால் அபராதம் என்றது. விளம்பரம் போடு, படம் போடு, கவிதைகூட எழுது. காசு வாங்கும்போது மட்டும் எண்ணைப் பார்.

நிறுவனங்கள் வழக்குப் போட்டன. 2016 நவம்பரில் நீதிபதி ஜேம்ஸ் டொனாட்டோ சட்டத்தை நிறுத்த மறுத்துவிட்டார். கட்டணம் வாங்குவது பேச்சு அல்ல, வியாபாரம். 2017 மே மாதம் சமரசம் ஆனது; 2018 ஜனவரி நடுவில் பதிவில்லாத விளம்பரங்கள் எல்லாம் இறங்கின. ஒரே வாரத்தில் அந்த ஊர் விளம்பரங்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. சான்டா மோனிக்கா நகரத்தின் இதே மாதிரிச் சட்டத்தை 2019 மார்ச்சில் ஒன்பதாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றமும் சரி என்றது.

இரண்டு வாதங்களையும் சேர்த்துப் பாருங்கள். மொத்தப் பட்டியலைக் கேட்கக் கூடாது. ஆனால் ஒவ்வொரு பரிவர்த்தனையிலும் ஒரு எண்ணைச் சரிபார்க்கச் சொல்லலாம். நியூயார்க்கின் 18-ஆம் உள்ளூர்ச் சட்டம் இந்த இரண்டின் குழந்தை. 2021 டிசம்பரில் கவுன்சில் நிறைவேற்றியது, 2022 ஜனவரி 9-ல் சட்டமானது, 2023 ஆகஸ்டில் மாநில நீதிமன்றம் நிறுவனத்தின் வழக்கைத் தள்ளுபடி செய்தது, செப்டம்பர் 5-ல் அமல். வீடு விடுபவர் மாநகராட்சியிடம் போய் விண்ணப்பித்து எண் வாங்க வேண்டும். தளம் அந்த எண்ணைக் கேட்டுச் சரிபார்க்க வேண்டும். தகரச் சீட்டை வாசலிலிருந்து கழற்றி, பணம் கட்டும் பொத்தானுக்குப் பின்னால் அடித்துவிட்டார்கள்.

விதிகளைப் படித்தால் பழைய நூற்றாண்டு எட்டிப் பார்க்கும். விருந்தினர் அதிகபட்சம் இரண்டு பேர். குடியிருப்பவர் உடன் தங்க வேண்டும். உள்ளே அறைகளுக்கு நடுவில் பூட்டுப் போட்டுப் பிரிக்கக் கூடாது, ஒரே குடித்தனம் போல இருக்க வேண்டும். புலம்பெயர் குடும்பம் ஓர் ஆளைச் சேர்த்துக்கொண்ட காலத்து வீட்டு விதிதான் அப்படியே தொடர்கிறது.

எண்ணுவது எங்கே?

இந்த வடிவமைப்பு ஏன் முக்கியம் என்று புரிய லண்டனைப் பார்க்கலாம். அங்கே 1973-லேயே ஒரு சட்டம்: வீட்டை ஒருவருக்குத் தொடர்ந்து 90 இரவுக்குக் குறைவாக விட்டால் அது பயன்பாட்டு மாற்றம், திட்ட அனுமதி வேண்டும். 2015-ல் தளர்த்தினார்கள். ஒரு காலண்டர் வருஷத்தில் மொத்தம் 90 இரவு வரை அனுமதி தேவையில்லை என்றார்கள். 2017-லிருந்து ஏர்பிஎன்பி தன் நிரலிலேயே 90 வந்ததும் நிறுத்தும்படி செய்தது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

ஆனால் எண்ணிக்கை அந்த ஒரு தளத்துக்குள் மட்டும்தான். 90 முடிந்ததும் அதே வீட்டை வேறு தளத்தில் போட்டால் அங்கே மறுபடி பூஜ்யத்திலிருந்து ஆரம்பம். வீட்டுக்குப் பொதுவான ஓர் எண் இல்லாததால் இரண்டு கணக்கையும் சேர்க்க வழியில்லை. இரண்டு சர்வர்கள் தனித்தனியாக எண்ணிக்கொண்டு, ஒன்றுக்கொன்று பேசாமல் இருந்தால் வரும் அதே பிழை. எவ்வளவு கடுமையான வரம்பு என்பது இரண்டாவது கேள்வி. எண்ணிக்கை எங்கே வைக்கப்படுகிறது என்பதுதான் முதல் கேள்வி. ஐரோப்பிய ஒன்றியம் 2024-ல் போட்ட ஒழுங்குமுறை, 2026 மே 20 முதல் அமலாகும்படி, பதிவு எண்ணையும் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு பொதுத் தரவு நுழைவாயிலையும் மையமாக வைத்ததற்குக் காரணம் இதுதான்.

எண் பிடித்தவர்கள், விட்டவர்கள்

நியூயார்க்கில் அமலான சில மாதங்களில் குறுகிய கால விளம்பரங்கள் பெருமளவு மறைந்தன. பல வீடுகள் 30 நாளுக்கு மேல் என்று மாற்றிப் போட்டுக்கொண்டன. சட்டம் வேலை செய்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

ஆனால் யார் மேல் வேலை செய்தது? 2014 அறிக்கையின் 272 வீட்டு நடத்துநர் மாதிரி ஆட்கள் மட்டும் அல்ல. புரூக்ளினிலும் குயின்ஸிலும் இரண்டு குடித்தன வீடு வைத்திருப்பவர்கள் உண்டு. கீழ்த்தளத்தில் தாங்கள், மேல்தளத்தில் விருந்தினர். அந்த வருமானத்தில் வீட்டுக் கடன் கட்டுகிறவர்கள். மேல்தளம் தனி வீடு என்பதால் "உடன் தங்குதல்" ஆகாது, எண் கிடையாது. அவர்களுக்குத் தளர்வு தர 2024 கடைசியில் கவுன்சிலில் மசோதா வந்தது, கடும் எதிர்ப்பும் கிளம்பியது. காற்று மெத்தைக்காரரையும் 272 வீட்டுக்காரரையும் பிரித்தறியத்தான் இத்தனை பாடு. கடைசியில் இருவரையும் ஒரே "ஆம்/இல்லை" கேள்வியில் அடைத்துவிட்டார்கள். 1851-ல் லண்டன் ஏழை பணக்காரன் என்று பார்த்துப் பிரித்தது அநியாயம். எதையும் பிரித்துப் பார்க்காமல் இருப்பதும் சில பேருக்கு அநியாயமாகத்தான் முடிகிறது.

வாடகை குறைந்ததா? நகரத்தின் 2023 வீட்டுவசதிக் கணக்கெடுப்பில் காலியாக, வாடகைக்குக் கிடைத்த வீடுகள் 1.4 சதவீதம். 1968-க்குப் பிறகு இவ்வளவு குறைந்ததில்லை. 37 லட்சம் அளவுக்கு வீடுகள் உள்ள ஊரில் சில பத்தாயிரம் விளம்பரங்களை இறக்கினால் குறிப்பிட்ட சில தெருக்களில் மூச்சு விடலாம். மொத்த ஊரின் வாடகையை அது இழுத்துக் கீழே போடும் என்று எதிர்பார்ப்பது சட்டத்தின் மேல் அதன் சக்திக்கு மீறிய சுமையை ஏற்றுவது.

கிளாஸ்கோ ஆய்வாளர்களுக்கு இது தெரிந்தே இருந்திருக்கும். அலமாரிக்குள்ளிருந்து இழுத்து வெளியே விட்ட அந்த நாலாவது ஆள், அன்றைய மீதி ராத்திரியில் எங்கே போய்ப் படுப்பார்? சீட்டில் எழுதிய எண்ணுக்கு அந்தக் கேள்வி தெரியாது. பக்கத்துத் தெருவில் இன்னொரு அறைக்குத்தான் போயிருப்பார். அறைக்குள் இருந்த நெரிசல் உண்மையாகக் குறைய, வேறு எங்காவது புது அறைகள் கட்டப்பட வேண்டியிருந்தது. எண்ணிக் கண்டுபிடிக்கும் வேலையில் நாம் ரொம்பவே முன்னேறிவிட்டோம். நடுராத்திரிக் கதவுத் தட்டல் ஒரு விநாடிக்கும் குறைவான அழைப்பாகிவிட்டது. "இல்லை" என்று பதில் வந்தவர்களுக்கு எங்கே இடம் என்பதை மட்டும் இன்னும் செங்கல்லும் சிமென்ட்டும் வைத்துத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.